மூன்று சட்டி நீரூற்று

செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அம்மா பந்திக்கே வரவில்லை. மண்டப வாசலில் இருந்த நீரூற்றின் முன்னால் நின்றுவிட்டாள். அப்பாவும் நானும் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோதும் அங்கேயேதான் நின்றாள். இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறாள். "வோஹி பானி கூம்தா ஹை" என்றாராம் அவர். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. திரும்பும்போது ரயிலில் அம்மா அந்த வாக்கியத்தைத் தனக்குத்தானே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் எதிர்ச்சுவர் வரைக்கும் நான்கடி இடம். பெயிண்ட் டப்பாக்களில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வளர்ந்ததால் அதற்குத் தோட்டம் என்று பெயர். வீட்டுக்குள் தனிக் குழாய் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் சந்தில் யாராவது தண்ணீர் வந்துவிட்டதென்று "பானி ஆயா" எனக் கத்தினால், அம்மா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவாள். ஒருநாள் என் தலையைப் பாதி பின்னிய நிலையில் ஓடினாள். ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரித்த முடியுமாக நான் பள்ளிக்கூடம் போனேன்.

அப்பாவுக்கு தாராவியில் பழைய சாமான்களைப் பிரிக்கும் ஒரு பட்டறையில் வேலை.

"கூலர்ல குட்டியா ஒரு மோட்டார் இருக்கும்லா, அதுல ஒண்ணு கொண்டாங்க" என்றாள் அம்மா.

"எதுக்குட்டி?"

"தோட்டத்துல தண்ணி விழணும்."

"கொசுதான் வரும்."

"ஓடுத தண்ணில கொசு வராது" என்றாள். அப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் குயவர்கள் இருக்கும் தெருவுக்கு நடந்துபோய், விளிம்பு உடைந்த மண்சட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கினோம். பெரிதில் ஒன்று, நடுத்தரத்தில் இரண்டு, சிறிதில் ஒன்று. நடுத்தரத்தில் ஒன்று கூடுதலாக வாங்கியது நல்லதாகப் போயிற்று. அம்மா ஆணியை வைத்துத் தட்டியதும் முதல் சட்டி இரண்டாகப் பிளந்தது. மற்றவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் மதியம் முழுக்க ஒரு திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துளை போட்டாள். செம்மண் நிறத்தில் அவள் விரல்கள் பழுத்துப்போயிருந்தன. மோட்டாரைப் பெரிய சட்டியில் வைத்தாள். அதிலிருந்து கிளம்பிய குழாயை நடுச்சட்டியின் வழியாக உச்சியில் இருந்த சின்னச் சட்டிக்கு ஏற்றி, துளைகளைச் சுற்றிப் பசை பூசினாள்.

சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அத்தையின் குரல் வந்தது.

"வானம் வெறிச்சுக் கெடக்கு, எங்கேருந்துடி மழை? காயப்போட்ட துணியெல்லாம் போச்சு!"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குழாயை மடக்கி, துணி கிளிப் ஒன்றை மாட்டினாள். தண்ணீர் அடங்கி, சின்னச் சட்டியில் நிறைந்து, நடுச்சட்டிக்கு வழிந்து, பெரிய சட்டியில் விழுந்து, மறுபடி மேலே போயிற்று.

இரண்டு சுவர்களுக்கு நடுவே மதியத்தில் ஒரு மணி நேரம்தான் வெயில் இறங்கும். அந்த நேரத்தில் தண்ணீரின் வெளிச்சம் சுவரெல்லாம் நெளியும். பட்டன் தைக்க வாங்கிவந்த சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நான் பின்வாசற்படியில் படுத்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போவேன். வீடு மெல்ல அசைந்து எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கும்.

"இந்தத் தண்ணி எதுக்கும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கும் இல்ல" என்றாள் சந்தோஷமாக.

மே மாதத்தில் எங்கோ பெரிய குழாய் உடைந்து, இரண்டு நாளாய்த் தண்ணீர் வரவில்லை. அம்மா இரண்டு குடங்களோடு டேங்கர் வரிசைக்குப் போனாள். அப்பா கேனை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார். நான் தனியாக இருந்தபோது அடுத்த வீட்டு அத்தை இரண்டு பக்கெட்டோடு வந்தாள். அவள் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள்; குழந்தையின் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லை.

நான் யோசிக்கவே இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, சட்டியிலிருந்து கப்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒன்றரை பக்கெட் தேறியது. "மவராசியா இருப்பே" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அம்மா என்னவெல்லாம் சொல்லிப் பாராட்டுவாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

அம்மா வர மூன்று மணி ஆயிற்று. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். புடவையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் பின்கதவு வழியாகப் பார்த்தாள். பெரிய சட்டியில் ஒரு கை தண்ணீரும் ஒரு கறிவேப்பிலை இலையும் கிடந்தன.

"நல்ல காரியந்தான் செஞ்சிருக்க" என்றாள்.

இடுப்புக் குடத்தைச் சமையல் மேடையில் வைத்தாள். தலையில் இருந்த குடத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், பெரிய சட்டியில் அப்படியே கவிழ்த்தாள். சுவிட்சைப் போட்டாள். மோட்டார் இரண்டு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

கேனோடு உள்ளே வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே அலையுது."

"குடிக்க உள்ள ஒரு குடம் இருக்கு" என்றாள் அம்மா, திரும்பாமலே. "இது எனக்கு."

அப்பா கேனை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

அம்மா ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வெயில் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்து, "வாட்டி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. அவ்வளவு பேர் கஷ்டப்படும்போது ஒரு குடம் தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்ற கோபத்தோடு பின்வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.