பூந்திக்கொட்டை நுரை

மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடிகளுக்குத் தெளிக்க மருமகள் வேப்பெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும், அந்தக் கசப்பு வாசனை நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, இன்று ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை நிற்கும் இடத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த எங்கள் கத்தரித் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

அங்கே அம்மா பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, அந்த நுரைத் தண்ணீரில் வேப்பெண்ணெயை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை கலக்கி, பூச்சி விழுந்த இலைகளின் அடியில் வேப்பங்கொத்தால் தெளிப்பாள். சளப் சளப்பென்ற அந்தச் சத்தம் பொழுது சாயும்வரை பாத்தி பாத்தியாக நகரும். அவள் கைராசிக்காரி. ஊரில் யார் விதைத்தாலும் முதல் விதை அவள் கையால்தான் விழும்.

எட்டு வயதில் ஒருநாள், ஆமணக்குக் காம்பால் குமிழி ஊதி ஊதியே அந்த நுரைத் தண்ணீரில் பாதியைத் தீர்த்துவிட்டு, பயத்தில் பானையைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிவைத்தேன். அவசரத்தில் அம்மா கவனிக்கவில்லை. சரியாகக் கலக்காத எண்ணெய் இலைகளில் அப்படியே படிந்து, மறுநாள் வெயிலில், பிஞ்சு விட்டிருந்த செடிகள் கருகிச் சுருண்டன.

"என்ற கைராசி போயிருச்சு சாமி," என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் அந்த ஆமணக்குக் காம்பைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

அடுத்த விதைப்புக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் கூப்பிட வந்தபோது, அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வேற ஆளக் கூப்பிடுங்க," என்றாள். சாகும்வரை அந்தக் கை யாருக்கும் விதை போடவில்லை.

"சோப்புத் தண்ணி எவ்வளவு ஊத்தட்டுங்க அத்தை?" என்கிறாள் மருமகள்.

"நொர நல்லா வரோணும் சாமி. இல்லீன்னா செடி கருகிப்போயிரும்."

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.