கதவுக்குப் பின்னால் அம்மா

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்லும் காலம் அது. உத்தமபாளையத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் அம்மா என்னை வளர்த்தாள். பெண் பார்க்கும் அன்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்மோனியமும் வாசிப்பாள். பிள்ளை தடுமாறினால் மெல்லக் கூடப் பாடிக் காப்பாற்றிவிடுவாள்.

என்னைப் பார்க்க வந்த அன்றும் நான்கு வீட்டில் பாடம் முடித்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தாள். நான் இரண்டாவது அடியைப் பாடும்போது ஆர்மோனியம் நின்றுவிட்டது. எனக்குச் சுருதி தப்பியது. அவள் குரல் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

'ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடுன, எனக்குப் பாட மட்டும் வாய் வரலையா?' என்று கேட்கத்தான் உள்ளே போனேன். அம்மா ஆர்மோனியத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டு உலுக்கினேன். பதறி நிமிர்ந்தாள்.

"போயிட்டாகளா? நல்லாப் பாடுன தாயி. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"ஆமாம்மா," என்றேன்.

அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். எழுப்பாமல் விட்டிருக்கலாம்.