அண்ணாச்சி பாட்டில் வயலின் காணோம்

பழைய கேசட்டையும் சி.டி.யையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டு வைஃபையில் பாடவைக்கும் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில்; கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். குறைந்த செலவில் இதை நானே செய்து பார்க்கிறேன் என்று கிளம்பி, ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த அன்பர்களுக்கு என் பாடு புரியும். விருதுநகரில் வாப்பாவின் பருப்புக் கடைக்கு மேல்மாடிதான் என் பட்டறை.

ஒரு கேசட்

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை போர்மேன் சுப்பையா அண்ணாச்சி ஒரு கேசட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் வீட்டு ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் செத்துப் போயிருந்தது. அதன்பிறகு அதே பாட்டைச் செல்போனில், இயர்போன் மாட்டிக் கேட்டிருக்கிறார். நடுவில் தனியாக ஒரு வயலின் வருமாம், அது மட்டும் இல்லையாம். தன் கேசட்டிலிருந்தே எடுத்தால் கிடைத்துவிடும் என்று நம்பினார். நாடா சுருங்கிக் கிடந்தது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஓடாது என்று எச்சரித்தேன்.

“மத்தது எப்படி இருந்தாலும் சரி பாய். அந்த வயலின் வந்துட்டாப் போதும்.”

ஜன்னல் கம்பி

மேஜையில் கிடந்த சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் போர்டைப் பார்க்க ஆசைப்பட்டார். கையில் எடுப்பதற்கு முன் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். என்ன அண்ணாச்சி வேண்டுதலா என்று கேட்டுவிட்டேன். ஆலையில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்களாம். கை அப்படியே பழகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதம் மட்டும் மூன்று போர்டுகள் காரணம் தெரியாமல் என் கையில் செத்திருந்தன. அனுப்பிய ஆளோடு சண்டையும் போட்டிருந்தேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ், போட்டிருந்தது பளபளவென்று, உரசினாலே மின்சாரம் சேரும் ஒரு பாலியெஸ்டர் சட்டை. அண்ணாச்சி அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தச் சட்டையோட வந்தா எங்க கம்பெனியில கேட்டத் தாண்ட விடமாட்டாக.”

அறுந்தது

பெட்டியை ஹெட்போனோடு கொடுத்தனுப்பினேன். மறுநாளே போன் வந்தது: வயலின் இல்லை. என் பட்டறையின் இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டால் கணீரென்று இருக்கிறது. சொன்னேன், சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வயரை மாற்றிக் கொடுத்தேன். போர்டை மாற்றினேன். கேசட்டை இரண்டாம் தடவை ஓட்டி ஏற்றினேன். மூன்றாம் தடவை ஓட்டும்போது ‘டிக்’ என்று நாடா அறுந்தது.

இனி அந்தப் பாட்டு என் ஹார்ட் டிஸ்கில் இருப்பதுதான், அதிலும் அவருக்கு வேண்டியது இல்லை என்கிறார். மறைக்க மனம் வராமல் போன் போட்டுச் சொன்னேன்.

“அறுந்தது அறுந்துபோச்சு. ஒரு நா இங்கன வந்து நீங்களே கேட்டுப் பாருங்க.”

நாரணாபுரத்தில்

போனேன். பெட்டி லேசாகச் சுடுகிறது என்று இரண்டு பக்கமும் மணல் வாளி வைத்திருந்தார். சிரிக்கத் தோன்றவில்லை, அவர் வேலை அப்படி. பக்கத்தில் உட்கார்ந்து, நாடா அறுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் கேட்டேன். பதில் இல்லை. அவர் மனைவி மாரியம்மாள் மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அவுகளுக்கு வலப்பக்கமா வந்து உக்காருங்க தம்பி. தெனமும் வெடிச்சுப் பாக்குற வேலையில இந்த எடப்பக்கக் காது செத்து எம்புட்டோ வருசமாச்சு.”

ஒரே ஒரு டிக்

எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர்கள் வயலினை முழுக்க இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஊற்றியது. ஹெட்போனோ வயலினை அந்தச் செத்த காதுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை டிக் செய்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டேன்.

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை அந்த இடம் வந்ததும் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வீட்டில் பெட்டி மாட்டியிருக்கிறேன், ஒரு பாட்டு ஒரு மனிதருக்குள் இப்படி இறங்குவதைக் கண்டதில்லை. பாட்டு முடிந்தும் ஹெட்போனைக் கழற்றாமல், இடக்காதின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“இம்புட்டு நாளும் இந்தப் பக்கம் வாசிச்சுக்கிட்டேதான் இருந்திருக்காக.”

வயரை மாற்றினேன், போர்டை மாற்றினேன், அவர் நாடாவையும் அறுத்தேன். கேட்கிற காது எத்தனை என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.