மச்சாளின் முதற் குரவை

வாவிப் பக்கத்து வானம் கறுக்கத் தொடங்கினால் என் மில்லில் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அவித்த நெல் பரப்பிய சீமெந்துத் தளத்தின் நடுவில் மச்சாள் நிற்பாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை வாயருகே குவித்து, நாக்கைச் சுழற்றி ஒரு குரவை விடுவாள். மெசின் இரைச்சலை அறுத்துக்கொண்டு அது போகும். சாக்கு அடுக்குகிறவன், உமிக் குவியலுக்குப் பின்னால் வெற்றிலை போடுகிறவள், கேற்றடியில் லொறிக்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்கிறவன், எல்லோரும் விழுந்தடித்து ஓடி வருவார்கள். நெல்லைக் கூட்டிக் குவித்துப் படங்கு விரித்து மூடி முடியவும் முதல் துளி விழவும் சரியாக இருக்கும்.

மச்சாள் என் மனைவியின் அக்கா. வயதில் எனக்கு இளையவள். என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஊரார் வயலில் வரம்பு கட்டி, வாடகை வண்டிலில் நெல் ஏற்றி, பிறகு சொந்த வண்டில், பிறகு லொறி, பிறகு மில் என்று எழும்பினவன். இன்றைக்கு வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் என் மில் அரிசி வேகாத அடுப்பு குறைவு. பெருமைக்குச் சொல்கிறேனா என்று கேட்டால், பெருமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் மில் தளத்தை நடத்தியவள் மச்சாள். நான் யாருக்காவது என் கதையைத் தொடங்கினால் போதும், தூரத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே சொல்லுவாள்: “மச்சான் மில்லக் கட்டினாரு. மழையக் கட்டி வச்சிரிக்கிறது நான்தான் கா.” பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

அந்தக் குரவை மில்லுக்காக வந்தது அல்ல. அது கோயிலுக்கு உரியது. எங்கள் ஊர்க் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கும். அதில் ஒருநாள் பின்னேரம் கல்யாணக்கால் என்று ஒரு மரக்கொம்பை வெட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் நடுவார்கள். நடுவதற்கு முதல் ஒரு பெண் குரவையிட வேண்டும். அவள் தொடங்கிய பிறகுதான் மற்றப் பெண்கள் எடுப்பார்கள். அந்த உரிமை மச்சாளின் தாய்வழிக் குடிக்கு உரியது. தாயிடமிருந்து மூத்த மகளுக்கு வரும். பணம் கொடுத்து வாங்க முடியாத சாமான்கள் இந்த ஊரில் மிகச் சில. அதில் இது ஒன்று. என்னால் கோயிலுக்கு மதில் கட்டிக் கொடுக்க முடிந்தது. முதற் குரவையின் அருகில் நிற்கக்கூட என்னால் முடியாது.

மச்சாளுக்கு நோய் முதலில் விரல் நுனியில் வந்தது. மாரிக்காலத்து விடியற்காலையில் தண்ணீரில் கை வைத்தால் மச்சாளின் விரல்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, மறுபடி சிவக்கும். வாதம் என்று எண்ணெய் காய்ச்சிப் பூசினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. மச்சாளின் முகத்தில் இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நெற்றி பளபளத்தது. கன்னம் இளம்பெண்ணின் கன்னம் போல வழுவழுத்தது. ஊரே மயங்கிப்போனது. கண்ணகை அம்மாள் முகத்தில் இறங்கியிருக்கிறாள் என்று சில பேர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தளத்துப் பெண்களுக்கோ அது வேறு விசயம்.

“என்னக்கா பூசுற? எங்களுக்கும் ஒள்ளுப்பம் சொல்லன்கா.”

“மச்சானிர மில் தவிட்டத்தான் பூசுறன். ஆருக்கும் சொல்லிராதங்க, மறுகா அதுக்கும் ஒரு விலை போட்டிருவாரு.”

அந்த முகத்தைப் பார்த்து நானும் சந்தோசப்பட்டேன். வாழ்க்கை முழுக்க வெயிலில் நின்றவளுக்குத் தெய்வம் கொடுத்த கூலி என்று நினைத்தேன். நோய் ஒரு மனிசியை அழகாக்கிக்கொண்டு வரும் என்று எங்கே கண்டோம்?

ஒருநாள் மத்தியானம் நான் கந்தோரில் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தபோது கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தம் கேட்டது. குரவை கேட்கவில்லை. வெளியே ஓடினேன். தளத்து நெல் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. நடுவில் மச்சாள் கையை வாயருகே வைத்தபடி நின்றாள். வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான். அதற்கு மேல் அது விரியவில்லை. கொஞ்ச நாளாகவே சோற்றைச் சின்ன உருண்டையாக உருட்டித்தான் உண்கிறாள் என்று என் மனைவி அதற்குப் பிறகு சொன்னாள்.

வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் உள்ள பெரிய ஆசுபத்திரிக்கு நானும் மனைவியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு டொக்டர் அம்மா அவளுடைய கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மடியவில்லை. நோய்க்கு என் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். தோல் இறுகும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குக் கீழே நார் போல ஒன்று இருக்கிறதாம். உடம்பை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது அதுதானாம். காயம் பட்டால் உடம்பு கொஞ்சம் நார் செய்து ஆற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இந்த நோயில் காயம் இல்லாமலே செய்யும், நிறுத்தவும் தெரியாது. நார் மேல் நார் படிந்து தோல் தடித்து இறுகும். சுருக்கம் மறைந்தது அதனால்தான். நாக்கை அடியில் பிடித்திருக்கிற சின்ன நரம்பு போன்றதும் தடித்துக் குறுகிவிட்டதாம். உணவுக் குழாய்க்கும் நுரையீரலுக்கும்கூட இது போகலாம் என்பதால் அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். தொற்றாது, பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது, வேகத்தைக் குறைக்கலாம், அடியோடு எடுக்க ஏலாது. வாய்க்கும் விரலுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

பாலத்தைக் கடக்கும்போது மச்சாள் வாவியில் வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“மச்சான், எனக்குள்ளயும் ஒருத்தன் இருந்து வலை பின்னுறான் போல. போதும் எண்டாலும் கேக்கானாம்.”

நான் எதைக் கண்டும் பயந்தவன் அல்ல. வெள்ளத்தைக் கண்டேன், சண்டையைக் கண்டேன், புயலில் மில் கூரை பறந்ததைக் கண்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அன்றைக்கு மட்டும் பாலம் முடியும் வரைக்கும் நானும் அந்த வலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊர் தன் கதையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. முகத்தில் இறங்கிய அம்மாள் இப்போது கோபித்து வாயைக் கட்டிவிட்டாள் என்றார்கள். சடங்கு நெருங்கியபோது கோயில் வண்ணக்கர் என் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியம் பார்க்கிற பெரிய மனிதர். என் மதிலைப் புகழ்ந்து, என் அரிசியைப் புகழ்ந்து, கடைசியில் விசயத்துக்கு வந்தார். முதற் குரவை கேட்காவிட்டால் கொம்பை நட முடியாது. இந்த முறை என் மனைவி போடட்டும், அதே குடிதானே என்றார். என் மனைவி தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். “அக்கா இரிக்கக்குள்ள நான் வாய் திறக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வளவில் இருந்த மச்சாளுக்கு இது எட்டாமல் இருக்குமா? வண்ணக்கர் படலையைத் தாண்ட முதலே வந்து நின்றாள்.

“என்ர குரல் சிறுத்துப் போச்சுத்தான். இல்லையெண்டு சொல்லல்ல. அம்மாளுக்குக் காது மந்தம் எண்டு எந்த ஏட்டில இரிக்கி, வண்ணக்கர்?”

“பொல்லாப்புப் பேசாத புள்ள. சனத்துக்குக் கேக்கணுமே.”

“நான் சனத்துக்காடா போடுறன்?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள், ‘டா’வை எனக்கு வைத்து. வண்ணக்கருக்கு நேரே அப்படிக் கேட்க முடியாதே.

அன்றிலிருந்து சடங்கு வரைக்கும் விடியற்காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவளைக் காண்பேன். கண்ணாடியை வேலியில் நட்ட கிளுவைக் கதியாலில் மாட்டிவிட்டு, இரண்டு பெருவிரல்களையும் வாயின் ஓரங்களில் வைத்து இழுப்பாள். சில நாள் உதடு வெடிக்கும். துடைத்துவிட்டு மறுபடி இழுப்பாள்.

கல்யாணக்கால் வந்த பின்னேரம் முற்றத்தில் சனம் நெருக்கியது. மேளகாரர் உச்சத்தில் அடித்தார்கள். பூசை செய்கிற கட்டாடியார் கொம்பைக் குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். மச்சாள் முன்னுக்கு வந்து வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கட்டாடியாரும் கேட்காமல் காத்து நின்றார். வண்ணக்கர் என் மனைவியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். சனத்துக்குள் முணுமுணுப்பு எழும்பியது.

மச்சாள் நேரே மேளகாரரிடம் நடந்து போனாள். மடங்கி இறுகிப்போன தன் விரல்களை மேளத்தின் தோலில் வைத்தாள். அடித்தவர் கம்பைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மற்ற மேளங்களும் அடங்கின. வாவிக் காற்று ஆலமரத்தில் ஏறி இறங்குவது கேட்டது. அப்போது அவள் குரவையிட்டாள். வரம்புக்குள் எங்கோ ஒரு பூச்சி இரைவது போல மெல்லிய சத்தம். அறாமல், நடுங்காமல், மூச்சு முடியும் வரைக்கும் போனது. கட்டாடியார் தலையைத் தாழ்த்தினார்.

பெண்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். மச்சாள் திரும்பினாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? என்ர வாய்தானே சுருங்கின. உங்கட வாய்க்கு என்ன கா வந்த?”

அதற்குப் பிறகு எழும்பிய குரவையை என்னால் எழுத முடியாது. என் மில் மெசின் எல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சத்தம் வராது. கொம்பு குழிக்குள் இறங்கியது.

அதன் பிறகும் வைகாசிகள் வந்தன. நோய் நிற்கவில்லை, அதன் நடைதான் மெதுவாகிவிட்டது, மச்சாள் கஞ்சியைக் கரண்டியால் ஊற்றித்தான் குடிக்கிறாள். தளத்தில் இப்போது சங்கு ஊதும் மெசின் பூட்டியிருக்கிறேன். ஆனால் கோயிலில் அவள்தான். அவள் முன்னுக்கு வந்ததும் மேளகாரர் யாரும் சொல்லாமலே கம்பைத் தாழ்த்திவிடுவார்கள். கடந்த சடங்கில், எங்கள் ஊரில் பெண் எடுத்துக் குடிவந்த புது மாப்பிள்ளை ஒருவர் வண்ணக்கரிடம் கேட்டார், இந்த இடத்தில் ஏன் மேளத்தை நிறுத்துகிறார்கள் என்று.

“அது தம்பி, ஆதி தொட்டு வாற வழக்கம்” என்றார் வண்ணக்கர். “மேளம் நிண்டாத்தான் அம்மாள் காது குடுப்பா.”

நான் விடுவேனா? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா இரிங்க மச்சான். ஆதியாவே இரிக்கட்டும்.”

அவள் முகம் சிரிக்காது. அதற்குத் தோல் இடம் கொடுக்காது. தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.