வால்நட் மாப்பிள்ளையின் வெற்றி

நான் சலூன் வைத்திருக்கிறேன். தலைக்கு வெளியே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. தலைக்கு உள்ளே இருப்பதை என் தங்கை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

தொழில் என்று பார்த்தால் அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடி வீடுகளும் ஆபீஸ்களுமாக அந்த வட்டாரத்து லிஃப்டுகளில் பாதி அவர் கையில்தான். மொட்டை மாடிக்கு மேலே, குனிந்து நுழைய வேண்டிய மோட்டார் ரூமில், எண்ணெய் வாடையில் காது கொடுத்து நிற்பார். எந்தக் கம்பி எங்கே உரசுகிறது என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவார். யாராவது, "லிஃப்ட் கிறீச்சு கிறீச்சுன்னு கத்துது சார்" என்று புலம்பினால் ஒரே பதில்தான். "கத்துற வரைக்கும் கவலைப்படாதீங்க. எப்பவும் கத்திக்கிட்டிருந்த லிஃப்ட் திடீர்னு சாதுவா ஓடுச்சுன்னா, ஏறாதீங்க. உடனே என்னைக் கூப்பிடுங்க."

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மெக்கானிக் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். எந்த வீடியோவிலோ யாரோ, மனிதனின் எல்லாக் கஷ்டத்துக்கும் வேர் மூளை வீக்கம் என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எதிரி, வால்நட் தெய்வம். மஞ்சள் தூளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பார். பார்க்கில் கண்ணை மூடி மூச்சை இழுப்பார். யாருக்காவது மறதியா? மூளை வீக்கம். கோபமா? மூளை வீக்கம். பஸ் தாமதமா? டிரைவருக்கு மூளை வீக்கம்.

உபதேசம் செய்தால் போதுமா, கேட்க ஆள் வேண்டாமா? அங்கேதான் தொழில் கை கொடுத்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனால் உள்ளே இருப்பவர் எங்கே ஓடுவார்? கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளை முதலில் தைரியம் சொல்வார். "பயப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க." அடுத்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" அவ்வளவுதான், மாட்டினான் மனுஷன். கடைசியில் கதவைத் திறந்து, கையில் இரண்டு வால்நட்டை வைத்துத்தான் அனுப்புவார். அதனால்தான் ஊரில் வால்நட் என்ற பட்டப்பெயர். அவர் இல்லாத இடத்தில் நானும் வால்நட் என்றுதான் சொல்வேன். எதிரில் வந்தால் மாப்பிள்ளை.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் சொன்னபடியே வாழ்ந்தார். நடந்தார், நேரத்துக்குத் தூங்கினார், ஆள் கம்பி மாதிரி இருந்தார். தொந்தி தள்ளிய நான் அதில் குறை சொல்ல முடியாது.

அவர் பேச்சு செல்லுபடியாகாத ஒரே இடம் அவர் வீடு. என் தங்கை ஜவுளிக்கடையின் பின்பக்கத்தில் மிஷின் போட்டு ஆல்டரேஷன் தைக்கிறவள். நீளமான பேண்ட்டைக் கத்தரிப்பதுபோலவே நீளமான பேச்சையும் கத்தரிப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் பேசுவார், அவள் கத்தரிப்பாள். காலையில் இவர் தட்டில் வால்நட்டை வைத்து நீட்டினால், "இத்தனை வருஷமா நீங்கதான் தின்னுறீங்களே, மூளை எப்பங்க வரும்?" என்பாள். மஞ்சள் தண்ணீரைக் கொடுத்தால் ஜன்னல் ஓரத்துச் செடிக்கு ஊற்றுவாள். அந்தச் செடி மட்டும் நல்ல அறிவோடு வளர்ந்தது.

இப்படிப்பட்டவள் ஒருநாள் வால்நட்டை வாங்கிப் பேசாமல் தின்றாள்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மஞ்சள் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரிங்க" என்றாள். பார்க்குக்குக் கூப்பிட்டார். "சரிங்க." சர்க்கரையை விடு என்றார். "சரிங்க." என் சலூனுக்கு வந்து, வெட்ட முடியே இல்லாத தலையை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு அளந்தார், அளந்தார், அப்படி அளந்தார்.

"மச்சான், உங்க தங்கச்சிக்கு மூளை தெளிஞ்சிடுச்சு. கோபமே இல்ல. எதுத்து ஒரு வார்த்தை இல்ல. வால்நட்டு வேலை செய்யுது!"

"எதுத்துப் பேசலையா? அவளா?"

"நம்ப மாட்டீங்களே! அப்பப்ப முகமும் கையும் லேசாச் சுண்டுது. அதுவும் நல்லதுதான். நரம்புல தேங்கின கழிவெல்லாம் வெளிய போகுது."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் பஞ்சாயத்துக்குப் போகலாம். சண்டை போடவில்லை என்று எந்தப் பஞ்சாயத்துக்குப் போவது?

பஞ்சாயத்து தானாகவே வந்தது. ஜவுளிக்கடை முதலாளி எனக்குப் போன் செய்தார். "உங்க தங்கச்சியைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போனேன். மிஷின் பக்கத்தில் பேண்ட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். கால் வெளியே வர வேண்டிய கீழ் வாய் இரண்டையும் சேர்த்து மூடித் தைத்திருந்தாள். அடுத்ததும் அப்படி. எல்லாமே அப்படி. தையல் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல நேராக இருந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "வாங்க. நல்லா இருக்கீங்களா? உக்காருங்க."

என் தங்கை என்னை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. என் மீசைச் சாயத்தைப் பார்த்ததும், "ஏண்ணே, கரிச்சட்டியில வாயை வச்சியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு பக்கத்து முகம் இழுத்தது. அதே பக்கத்துக் கை வெடுக்கென்று சுண்டி நின்றது. அவளுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

அவளைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை வாசலிலேயே தட்டும் வால்நட்டுமாக நின்றார். அவள் மூடித் தைத்த பேண்ட்டை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவனம் கொஞ்சம் சிதறுது மச்சான். தூக்கம் பத்தல. இன்னும் கொஞ்ச நாள் மூச்சுப் பயிற்சி..."

"மாப்பிள்ளை, எப்பவும் கத்துற லிஃப்ட் திடீர்னு சாதுவா ஓடுனா என்ன செய்வீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவுகள் வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "மூளையில வீக்கம். உடம்போட எதிர்ப்புச் சக்தியே தப்பா மூளையைத் தாக்குது. அதனாலதான் மறதி, முகமும் கையும் சுண்டுறது, குணமே மாறிப்போனது எல்லாம்."

மூளை வீக்கம்! லிஃப்டில் மாட்டினவன், பஸ் டிரைவர், கறிகாய்க்காரர், ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் கண்டுபிடித்தவர் எங்கள் மாப்பிள்ளை. நிஜமாகவே அது வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தபோது அதற்கு வெற்றி என்று பெயர் வைத்து, சலூன் சலூனாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

"வால்நட்டு... மஞ்சள்..." என்று முனகினார்.

"தாராளமாச் சாப்பிடுங்க. நடங்க, நல்லாத் தூங்குங்க. எல்லாருக்கும் நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா. "தினமும் வீட்டைக் கூட்டுறது நல்ல பழக்கம். ஆனா வீடு தீப்பிடிச்சா துடைப்பத்தைத் தேடக்கூடாது இல்லையா?"

"குணமாகிடுவாளா டாக்டர்?"

"மருந்தை ஆரம்பிச்சிடுறோம். இன்னும் முன்னாடியே வந்திருந்தா நல்லாருக்கும். பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' அவரைத் தின்றது. நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கும், அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வார்டுக்கு வெளியே லிஃப்ட் கடகடவென்று கத்தும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்துக் கட்டில்காரர் மறதி என்று சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. தினமும் ஒரே ஒரு வால்நட்டை மட்டும் அவளிடம் நீட்டுவார். அவள், "சரிங்க" என்று வாங்கித் தின்பாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். பெண்டாட்டி சொன்னபடி கேட்கிறாள் என்று அழுத புருஷனை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அந்த நேரத்தில் மட்டும் அது எங்கே போகும் என்று தெரியாது.

முகமும் கையும் சுண்டுவது முதலில் நின்றது. பிறகு என்னை அண்ணே என்றாள். அப்புறம் ஒருநாள் காலையில், நான் டிபன் பாக்ஸோடு வார்டுக்குள் நுழைகிறேன், மாப்பிள்ளை வழக்கம்போல நீட்டுகிறார். அவள் வால்நட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னுமா இதை விடலை? இத்தனை வருஷமாத் தின்னு, மூளை வந்துச்சா?"

மாப்பிள்ளை ஸ்டூலைத் தள்ளிவிட்டு வராந்தாவில் ஓடினார். "டாக்டர்! திட்டிட்டா! டாக்டர், திட்டிட்டா!" ஏதோ தகராறு என்று நினைத்து நர்ஸ் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது வீடு திரும்பிவிட்டாள். மாத்திரை தொடர்கிறது. சில பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. சிறிய தையல்களைத்தான் கொடுக்கிறார்கள். நோயில் கிடந்த அந்த நாட்கள் அவளுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவரிடம் கேட்டாள்.

"அப்ப நான் எப்படிங்க இருந்தேன்? ரொம்பப் படுத்தினேனா?"

"இல்லம்மா. நான் என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொன்னே."

"நானா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"முதல் தடவை சரின்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்க வேணாமாங்க?"