பின்சீட்டுக்கு ஏற்ற டயர்

என் அம்மாவின் வயிற்றில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளையும் எங்கள் கார்தான் உதறிவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஐந்தாம் மாதத்தில் ஒன்று, அடுத்த ஆண்டு அதே ஐந்தாம் மாதத்தில் இன்னொன்று; இரண்டு முறையும் அதற்கு முந்தைய வாரம் அம்மா காரில் பட்டணம் போய் வந்திருந்தாள். எங்களோடு இருந்த அத்தை, நைனாவின் அக்கா, சோறு போடும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவாள். "வண்டி தூக்கித் தூக்கிப் போட்டா புள்ள எப்பிடி நிக்கும்?" அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் அழைத்தோம். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய், காரின் பின்டயரைக் காலால் ஒரு முறை தட்டிவிட்டு அதையே பார்த்தபடி நிற்பார்.

அம்மா மூன்றாம் முறை உண்டான அந்த ஆண்டை நினைத்தால் வெயிலில் சூடேறிய ரப்பரின் வாசனைதான் இன்றும் எனக்கு முதலில் வருகிறது. எழுபதுகளின் தொடக்கம் அது. கவரைப்பேட்டையில், பட்டணத்திலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையை ஒட்டி எங்கள் வீடு. நைனா ஒரு பழைய அம்பாசடரைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டினார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு எழுந்திருந்ததால், நிலம் பார்க்க வருகிறவர்களும் பத்திரம் பதியப் போகிறவர்களுமாக அவருக்குச் சவாரிக்குக் குறைவில்லை. எனக்குப் பத்து வயது. தை மாதம் அம்மாவுக்கு மறுபடியும் மூன்று மாதம் என்று தெரிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவளை ஒரு வாரம் படுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து நைனா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

சாலையை அவரால் மாற்ற முடியாது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார், குலுக்கல் குறையவில்லை. எஞ்சியது டயர். அதுவரை டயர் என்பது கருப்பாக, உருண்டையாக, காற்று நிற்பதாக இருந்தால் போதும் என்பதே அவருடைய எண்ணம். அப்போது வண்டியில் ஓடிக்கொண்டிருந்தவை தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய "ரீட்ரெட்" டயர்கள். வேகம் கூடும்போது கீழே யாரோ முனகுவதுபோல் ஓர் ஓசை எழும், ஸ்டியரிங் அவர் கையில் நடுங்கும். அவற்றின் குணத்தை அளப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி விநோதமானது. ஒரு பித்தளைச் சொம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி என் மடியில் வைத்து, பின்சீட்டில் அம்மா உட்காரும் இடத்தில் என்னை உட்கார வைத்து, ஜனப்பன்சத்திரம் வரை ஓட்டிப் போய்த் திரும்புவார். எவ்வளவு சிந்தியது, எங்கே சிந்தியது என்று நான் சொல்ல வேண்டும். "எத்தினி?" என்பார் திரும்பிப் பார்க்காமலே. "ஒரு கை, நைனா." அவர் தோள்கள் தாழ்வது பின்னாலிருந்தே எனக்குத் தெரியும்.

செங்குன்றத்தில் டயர்க் கடை வைத்திருந்த பாய், நைனாவின் நெடுநாள் சிநேகிதர். மாசி மாதத்துக்குள் நாங்கள் அவர் கடைக்கு எத்தனை முறை போனோம் என்பதற்குக் கணக்கில்லை. "இன்னா டிரைவரே, காருக்கு டயர் மாத்துறியா, தொட்டிலுக்குத் துணி மாத்துறியா?" என்று அவர் கேட்டால், கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், நைனா மட்டும் டயர்களின் பக்கவாட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். பாய் கொடுத்த புது நைலான் டயர்கள் நான்கும் உறுதியானவை, வளைவுகளில் வண்டி தடத்தை விட்டு நகராது. ஆனால் அவற்றுக்கும் ஒரு குணம் இருந்தது. இரவெல்லாம் நின்ற வண்டியின் பாரத்தில் தரையைத் தொட்ட பக்கம் தட்டையாகிப் போகும். காலையில் முதல் இரண்டு மைலுக்கு "தடக், தடக்" என்று அடித்துக்கொண்டே ஓடி, சூடேறிய பிறகே வட்டமாகும். ஆகவே புதன்கிழமைகளில் நைனா விடியலிலேயே காலி வண்டியைக் கும்மிடிப்பூண்டி வரை ஓட்டிப் போய், டயர்களைச் சூடாக்கிக் கொண்டு வந்து, இயந்திரத்தை நிறுத்தாமலே அம்மாவை ஏறச் சொல்வார். தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து ஏறிக்கொண்டாள். அப்போதும் சொம்பில் அரைக் கை சிந்திக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாம் மாதமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சோழவரத்தில் அந்த நாட்களில் கார்ப் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்காகத் திருத்திய அம்பாசடர் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட இரண்டு டயர்களை அங்கிருந்த மெக்கானிக் ஒருவரிடமிருந்து நைனா வாங்கி வந்தார். அகலமானவை, நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு மிருதுவானவை, பள்ளக்கோடுகள் தேய்ந்து ஏறக்குறைய மொட்டையாகி இருந்தன. பாய் அவற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இது காஞ்ச ரோட்டுக்குப் பொறந்தது, டிரைவரே. ரெண்ட வச்சிக்கினு இன்னா பண்ணுவே?" நைனாவிடம் பதில் தயாராக இருந்தது. "அவ பின்னாடிதானே குந்திக்கினு வர்றா? பின்னாடி மட்டும் மாட்டு." முன்னே கடினமான நைலான், பின்னே மிருதுவான பந்தய டயர், அதிலும் காற்றை இருபத்தாறு பவுண்டிலிருந்து பதினெட்டுக்கு இறக்கினார். நாங்கள் ஜனப்பன்சத்திரம் போய்த் திரும்பினோம். சொம்பிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்று நைனா என்னைத் தூக்கி பானெட்டின்மேல் உட்கார வைத்தார். பங்குனி கழிந்தது, ஐந்தாம் மாதமும் கழிந்தது, அம்மாவின் வயிறு நிலைத்தது. அத்தைகூட வாயை மூடிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, பள்ளி விடுமுறையாதலால் நானும் உடன் போனேன். வீட்டிலிருந்து கிளம்பிச் சிறிது தூரம் போனதும் கோடைமழை தூற ஆரம்பித்தது. மாதக்கணக்கில் மழை காணாத சாலையில் எண்ணெய் மிதந்து பளபளத்தது. காரனோடைப் பாலத்துக்கு முந்தைய வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி. நைனா வேகமாகப் போகவுமில்லை, பிரேக்கை ஓங்கி மிதிக்கவுமில்லை, லேசாகத் தொட்டார். முன்சக்கரங்கள் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் உட்கார்ந்திருந்த பின்பக்கம் மட்டும் தன் போக்கில் புறப்பட்டது. புளியமரங்கள் கண்ணாடியில் வரிசையாகக் கடந்தன, பிறகு ஆறு, பிறகு வந்த சாலை. ஒரு குலுக்கல் இல்லை, ஓசை இல்லை. அந்த மென்மையைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கார் முழுதாகத் திரும்பி, கவரைப்பேட்டையைப் பார்த்தபடி, சாலையோர மண்ணில் நின்றது.

வண்டிக்காரர் மாடுகளை இழுத்து நிறுத்திவிட்டு, "இன்னாபா, எதனா மறந்துட்டு வந்துட்டியா, வூட்டுக்குத் திரும்புறே?" என்று கத்தினார். பிறகு பின்சீட்டில் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நைனா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். அம்மா இரண்டு கைகளாலும் வயிற்றை ஏந்தியிருந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள அசையுது," என்றாள். பிறகு மெல்ல இறங்கி நின்று, "இந்த டயரு வாணாங்க. குலுங்கினாலும் அடியில ரோடு கீதுன்னு தெரியும். இதுல ஒண்ணுமே தெரியல," என்றாள். சொல்லிவிட்டு, பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். எங்கள் வண்டி எந்த டயரிலும் குலுங்காத அளவுக்கு அந்த பஸ் குலுங்கியது. பின் கண்ணாடி வழியே பார்த்தேன். மழையில் வெகு நிதானமாக எங்கள் கார் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு நிறுத்தங்களில் அம்மா என்னிடம், "வராரா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார். நைனா கைகளைக் கட்டிக்கொண்டு, கார் சுற்றியதையும், முந்தைய இரண்டு முறை நடந்ததையும், ஒன்றுவிடாமல் குற்றவாளியைப்போல் ஒப்பித்தார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அது காரால இல்லைப்பா. கர்ப்பப்பை வாய்க்குப் பலம் போதல, பாரம் ஏற ஏறத் தானாத் திறந்துக்கிச்சு. அதுக்குத்தான் மூணாம் மாசமே தையல் போட்டோம். உங்க வீட்டுக்காரம்மா சொல்லலையா?"

நைனா அம்மாவைப் பார்த்தார்.

"சொன்னேன்," என்றாள் அம்மா. "டயர் மாத்திக்கினு இருந்தாரு."

டாக்டரம்மா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. நியாயமாக அன்று அவர் மனப்பாரம் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளை உதறிய பழி அவர் தலையிலிருந்து ஒரு வாக்கியத்தில் நீங்கிவிட்டது. ஆனால் அவர் முகத்தில் நான் கண்டது நிம்மதி அல்ல. அது என்ன என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. காரால்தான் என்றால் அவர் கையால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. காரால் இல்லை என்றால் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. பாய் கடையில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நைலான் டயரை மாட்டி, எல்லாவற்றிலும் அளவாகக் காற்று நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினோம். அதன்பிறகு மாற்ற எதுவும் இல்லாததால் அவர் நடந்தார். வாசலிலிருந்து ரயில்வே கேட் வரை, கேட்டிலிருந்து வாசல் வரை, ஆடி மாதக் காற்றில் வேட்டி படபடக்க. "அந்த மனுசனக் குந்தச் சொல்லேன்," என்று அத்தை அம்மாவிடம் முறையிடுவாள். "நடக்கட்டும்," என்பாள் அம்மா. ஆவணியில் ஒரு முற்பகலில், தடக் தடக்கென்று அடிக்கும் சூடேறாத டயர்களோடு, அம்மாவை ஏற்றிக்கொண்டு அவர் பட்டணத்துக்கு ஓட்டிப் போனார்.

இன்று அந்தச் சாலை பல தடங்களாக விரிந்துவிட்டது. புளியமரங்கள் இல்லை. காரனோடை வளைவு எது என்று என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. சோழவரத்தில் இப்போது பந்தயம் நடப்பதில்லை. செங்குன்றத்தில் பாயின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அத்தை முதலில் போனாள், பிறகு நைனா, பதினோரு ஆண்டுகள் கழித்து அம்மா. திருநின்றவூரில் குடியிருக்கும் தங்கை மாதம் ஒருமுறை தன் காரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறாள். வேகமாகத்தான் ஓட்டுவாள். உமா என்று பெயர்.