சாணை பிடித்த பித்தளைக் கம்பி

உலோகம் எப்படித் தேய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், எங்கள் ஊரில் யாரும் கேட்கும் முதல் கேள்வி, "தேயத்தானே செய்யும், அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்பதுதான். இப்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விருதுநகருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பல வருடங்களாக இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். சுழலும் எஃகுத் தட்டின் மேல் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றை அழுத்தி வைக்க வேண்டும். தட்டு சுற்றச் சுற்றத் துண்டு தேயும். தேய்வதற்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. நடுவில் கரண்டு போனால் அன்றைய பிழைப்பு போச்சு. மறுபடி புதுத் துண்டு, மறுபடி முதலிலிருந்து.

கரண்டு போகாவிட்டாலும் நிம்மதி கிடையாது. எஃகிலிருந்து பெயர்ந்த துணுக்குகள் சில நேரம் மெத்தென்ற பித்தளைக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். குறைய வேண்டிய எடை கூடிவிடும். சனியன் என்று திட்டிக்கொண்டே அந்தத் துண்டைத் தூக்கி டப்பாவில் போடுவேன். என் ஆராய்ச்சியில் அதற்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு கட்டுரை திரும்பி வந்தது. ஆய்வகத்தில் தேய்த்ததெல்லாம் சரி, நிஜமான வேலையில் தேய்ந்த பொருள் எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு எரிச்சலாக, வேலையில் தேய்ந்த பித்தளை ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று என் அக்காவிடம் சொல்லி வைத்தேன். அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பூச்சட்டிக் கூம்புக்குள் மருந்தைப் போட்டு, ஒரு பித்தளைக் கம்பியால் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்துவது அவள் வேலை. அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. தீப்பொறி வந்துவிடும் என்பதால் சேஃப்டி பின்னைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். செருப்பு வெளியே, போன் கேட்டிலே.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். தூக்குவாளிக்குள்ளிருந்து ஒரு கம்பியை எடுத்து நீட்டினாள். சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன.

"நாளைக்கு ஆபீசு லீவு. பாத்துட்டு ராத்திரிக்குள்ள குடுத்துரு. போர்மேன் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்னயத் தொலச்சுப்புடுவாரு."

கம்பி தங்கம் மாதிரி மின்னியது. எனக்கோ தேய்ந்த கம்பி வேண்டும்.

"என்னக்கா, புதுசக் கொண்டாந்திருக்கே?"

"புதுசா? நான் வருசக்கணக்காக் குத்துற கம்பிடி. தல மழுங்கி விரிஞ்சு கெடந்துச்சு. பூசைக்கின்னு எங்க ரூம்புக் கம்பியெல்லாம் பட்டறைக்கு அனுப்பிச் சாண பிடிச்சுக் குடுத்தாக. வருசா வருசம் செய்யிறதுதான்."

மறுநாள் கல்லூரிக்கும் விடுமுறை. சாவி என்னிடம் இருந்ததால் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சாணை பிடித்த கம்பியில் தேய்மானம் எங்கே தெரியப் போகிறது என்ற சலிப்போடுதான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். மஞ்சள் பரப்பில் கருப்புப் பருக்கைகள். முதலில் சந்தன அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன். போகவில்லை. முனையைக் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளின் மேல் காந்தத்தைக் காட்டினேன். பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஆனால் சில துணுக்குகள் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன.

பட்டறைச் சாணையில் நாள் முழுக்க அரிவாளும் மண்வெட்டியும்தான் தீட்டுகிறார்கள். கல்லில் இருந்த இரும்பு பித்தளைக்குள் ஏறியிருக்கிறது. என் டப்பாவில் கிடக்கும் அதே சனியன்தான். பூஜைக்கென்று பளபளப்பாக்கப் போய், எந்த இரும்பு ஆகாதென்று பின்னைக்கூடக் கழற்றி வைக்கிறார்களோ அதைக் கையில் கொடுத்து மருந்துக்குள் குத்தச் சொல்கிறார்கள். மருந்தில் ஒரு மணல் பருக்கை கிடந்து அதில் உரசினால் போதும். கடவுளே, அக்கா நாளைக் காலையில் போய் உட்காருவாளே என்றுதான் முதலில் தோன்றியது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தன வருசமா ஒண்ணும் ஆகலயே?"

"ஆகலேன்னா ஆகாதுன்னு அர்த்தமாக்கா?"

"தீவாளிக்கு லோடு போகணும். கம்பி இல்லேன்னா ரூம்பு நின்னுரும். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. கம்பியை அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த ஆபீஸ் கேட்டுக்குப் போய் நின்றேன். போர்மேன் அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர்தான். நல்ல மனிதர். கம்பியைக் கையில் கொடுத்து, நுண்ணோக்கியில் கண்டதையும் காந்தத்தில் ஒட்டியதையும் சொன்னேன். அந்த அறைக் கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மரக்குச்சி கொடுங்கள் என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூசைக்கு வச்ச சாமானப் போயி ஆகாதுன்னு சொல்றீகளே டீச்சர். சீசன் நேரம். மரக்குச்சில குத்துனா வேல எம்புட்டு இழுக்கும் தெரியுமா?"

"அண்ணாச்சி, உள்ள எங்கக்கா இருக்கா."

"அது சரி."

"எங்கக்காவுக்கு ரெண்டு பிள்ளைக. அவளுக்கு ஒண்ணுன்னா நாங்க எங்க போவோம்?"

பேசப் பேச எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் நாற்பது நிமிடம் தொடர்ந்து பேசுகிறவளுக்கு அங்கே எங்கக்கா, எங்கக்கா என்பதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை. அவருக்கும் மனசு இளகிவிட்டது.

"அழுகாதீக தாயி. நான் பாத்துக்கிறேன். நிம்மதியாப் போங்க."

கம்பியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிப்போனேன். விருதுநகர் தாண்டித்தான் விழிப்பு வந்தது.

பொழுது சாய அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மரக்குச்சி குடுத்தாரா?"

"குடுத்தாரு. எனக்கு மட்டும்."

"மட்டுமா? அப்ப மத்தவங்க?"

"அதே கம்பிதான். ஏங்கம்பியப் புதுப்பட்டிலருந்து புதுசா வர்ற பிள்ளைக்குக் குடுத்துட்டாரு. அவளுக்குன்னு ஒண்ணு இல்லாம இருந்துச்சு."

அந்தக் கம்பியை அவர் கையில் கொடுத்தவளே நான்தான்.

"என்னய ஏண்டி மொறக்கிறே? நீ எங்கக்கா எங்கக்கான்னுதானே அழுதே? அவரு உங்கக்காவப் பாத்துக்கிட்டாரு. அந்தப் பிள்ளைக்கு அழுக யாரு இருக்கா?"

எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. மறுபடி விடுப்புச் சொல்லி, மறுபடி அதே பஸ். முந்தின நாள் அதில் நிம்மதியாகத் தூங்கியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"அதான் உங்கக்காவுக்கு மாத்தியாச்சே டீச்சர்?"

"எங்கக்கா கம்பி புதுப்பட்டிப் பிள்ளைகிட்ட இருக்கு அண்ணாச்சி."

"அவ உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண்ணை நான் கண்ணால் கண்டதில்லை. பெயர்கூடத் தெரியாது.

"தங்கச்சி வேணும்," என்றேன். "அந்த ரூம்புல இருக்கிற அம்புட்டுப் பேரும் எனக்குச் சொந்தம். கம்பியெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன். இன்னைக்கும் நாளைக்கும்."

"சீசன் நேரத்துல ஏன் இப்படி உசுர வாங்குறீக?" என்றார். கேட் ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் ரெண்டு தரம் வந்து பார்த்தார், நான் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு, ஒரு சாக்கில் கம்பிகளைக் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டுப் போனார். அங்கேயே சாக்கைப் பிரித்து, சந்தனப் பொட்டு வைத்த ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். நான் சுரண்டிய முனையோடு அக்காவின் கம்பியும் இருந்தது. அப்புறமும் எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.

வேலை விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள். பின்னால் வந்த ஒல்லியான பெண் ஒருத்தி நேரே என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினாள். மரக்குச்சியால் குத்தி உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"நீதானா அந்த டீச்சரு? நல்லா இருப்பியா நீ? புதுப்பட்டிலருந்து பஸ் ஏறி வந்து பொழைக்கிறேன், எங்க பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுறே? நேத்து முடிச்சதுல பாதிகூட இன்னைக்கு முடிக்கலயே! எண்ணித்தானே கூலி குடுக்காக! படிச்சா என்ன வேணும்னாலும் செய்யலாமா?"

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே வந்து வாய் ஓயாமல் ஏசினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் தலையை வெளியே நீட்டி ஏசினாள். பஸ் கிளம்பி, அவள் குரல் கேட்காமல் போகும் மட்டும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.